பாப்பாவுக்கு அம்மா

அவருக்கு ஊசி என்று யார் பேர் வைத்தார்கள் என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய இசைத்தட்டு சேர்க்கும் கூட்டாளிகள்தான் வைத்தார்கள், சுழலும் தட்டின் மேல் ஊசி இறங்கும்போது அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார் என்பது ஒரு கட்சி. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்கள்தான் வைத்தார்கள், அந்த ஆள் வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடமாட்டார் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. அவரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியைக் கேட்டால் இரண்டாவது கட்சிக்குத்தான் ஓட்டு போடுவாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் காது பரிசோதிக்கிற வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார். காது மந்தமானவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, கேட்காத சத்தத்துக்கும் சில சமயம் அமுக்குவார்கள். ஊசிக்கு அது தெரிந்துவிடும். உண்மையாகக் கேட்டவரின் விரல் அசைவதற்கு முன்னால் முகம் அசையும். நடிக்கிறவருக்கு விரல் மட்டும்தான் அசையும். "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. கேட்ட மாதிரி நடிச்சா எனக்கென்ன, உங்களுக்குத்தான் செவிடு" என்று எழுபது வயதுக் கிழவரிடம்கூட எடுத்தெறிந்து பேசுவார்.

வீட்டில் தொள்ளாயிரம் இசைத்தட்டுகள். பின்னறை முழுக்க அலமாரி. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் வாயிலிருந்து ஒரு மார்க் உண்டு: கீறல் இத்தனை, தூசி இத்தனை, வளைவு இத்தனை. கழுவாத தட்டின் மேல் ஊசி வைப்பது அவர் வீட்டில் பெரிய பாவம்.

மாமனார் இறந்து மூன்றாம் மாதம், அவருடைய பீரோவைக் காலி செய்யும்போதுதான் அந்தத் தட்டு கிடைத்தது. பழுப்புக் காகித உறைக்குள், பத்து அங்குலத்தில், கறுப்பாக. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் மாமனாரின் கையெழுத்து: "பாப்பாவுக்கு அம்மா".

பாப்பா என்றால் கொழுந்தியாள். அவளுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. ஒன்றரை வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். நோய் முற்றிய நாளில், ரேடியோ கடை வைத்திருந்த ஒரு சிநேகிதர் தன் கடையிலேயே நேராகத் தட்டில் பதிவு செய்து கொடுத்தாராம். மகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா தாலாட்டு முனகினாளாம். மாமனார் எப்போதோ ஒருமுறை இதைச் சொல்லி அழுதிருக்கிறார். தட்டு எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. ஊசியின் மனைவிக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு அம்மாவின் குரல் ஞாபகம் இருக்கிறது. தங்கைக்குக் குரலும் கிடையாது, முகமும் போட்டோவில் பார்த்ததுதான்.

அன்றைக்கே தங்கை தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா, ஒரே ஒரு தடவ இப்படியே போடுங்களேன். கொரகொரன்னு கேட்டாலும் பரவால்ல."

ஊசி தட்டை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "இந்தப் பூஞ்சை மேல என் ஊசிய வைக்கணுமா? ஊசி என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? இப்ப போட்டா உங்கம்மா பாட மாட்டாங்க, பூஞ்சைதான் பாடும்."

"இல்ல மாமா, ஒரு நிமிஷம்..."

"நாப்பத்தெட்டு வருஷம் இருந்துட்ட. இன்னும் ரெண்டு மாசம் இருக்க மாட்டியா? மெஷின் வாங்கப் போறேன். கழுவித் தர்றேன், பளிச்சுன்னு கேளு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கொடுக்கிற கை அவருக்கு எப்போதுமே கொஞ்சம் குட்டை.

மெஷின் என்று அவர் சொன்னது, ஒலியலையால் தண்ணீரை அதிர வைத்து அழுக்கைப் பிடுங்கும் தொட்டி. அந்த அதிர்வு நம் காதுக்கு எட்டாது. தண்ணீரில் லட்சக்கணக்கான பொடிக் குமிழிகள் பிறந்து பிறந்து உடையும். உடையும்போது, தூரிகையின் மயிர் நுழையாத பள்ளத்திலிருந்தும் அழுக்கு கழன்று வரும். ஊசி ஆறு வாரம் இதே நினைப்பாகத் திரிந்தார். சாப்பிடும்போது சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போன். கடைசியில் மூன்று மெஷின்கள் தேறின. ஒன்று, தட்டை மேலே செருகிவிட்டால் தானே கழுவித் தானே காற்றடித்துக் காய வைப்பது. ஒரு தடவைக்கு ஒரு தட்டு. தொள்ளாயிரம் தட்டையும் முடிக்க ஆயுசு போதாது. இரண்டாவது, நொடிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் அதிர்வு உள்ள சின்னத் தொட்டி. குமிழி மென்மையாக இருக்கும், மெதுவாகத்தான் கழுவும், சூடேற்ற வசதி கிடையாது. மூன்றாவது, நாற்பதாயிரம் அதிர்வில் முரட்டுத்தனமாக அடிக்கும் ஆறு லிட்டர் தொட்டி. சூடேற்றி உண்டு. மேலே ஒரு கம்பியும் மோட்டாரும் பொருத்தினால் நான்கு தட்டு ஒரே நேரத்தில் சுற்றும்.

மனசுக்குள் இரண்டாவதுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். அப்போதுதான் மனைவி, போகிற போக்கில், ஒரு யோசனை சொன்னாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் கடையில இதே தொட்டி இருக்காமே. ஒரு நட போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

சகலை ஒரு நகைக்கடையில் இருக்கிறார். வாசலிலிருந்து மூன்றாவது மேஜை. பழைய மோதிரம், சங்கிலி, தோடு எதைக் கொடுத்தாலும் கழுவி மெருகேற்றிக் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக அதே மேஜை. ஊசி அவருக்கு வைத்த பேர் "தோடு கழுவி". முகத்துக்கு நேராகவே சொல்வார். சகலை சிரித்துக்கொள்வார். சிரிக்கிறவரைப் பார்த்தால் ஊசிக்கு இன்னும் எரியும்.

இருந்தாலும் போனார். சகலை ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, ஒரு மோதிரத்தைத் தொட்டியில் இறக்கினார். கல்லுக்கு அடியிலிருந்து அழுக்கு புகை மாதிரி கிளம்பி வந்தது. ஊசியின் கண் விரிந்தது. உடனே சுருக்கிக்கொண்டார்.

"எல்லாத்தையும் இதுல போட முடியாதுண்ணே" என்றார் சகலை. "முத்து போட்டா தோல் போயிடும். ஒட்டு வச்ச கல்லு கழண்டுடும். மேல பூச்சு உள்ளது எதுவா இருந்தாலும் நாங்க கையாலதான் தொடைப்போம். தட்டுக்குன்னா அதிர்வு ஜாஸ்தி இருக்கிறத வாங்குங்க. குமிழி சின்னதா இருக்கும், பதமா கழுவும். சூடும் வேணாம்."

ஊசி டீயைக் கீழே வைத்தார். "சகல, இது தோடு இல்ல. நீ ஒரு பாட்டாவது முழுசா ஒக்காந்து கேட்டிருக்கியா?"

"இல்லண்ணே."

"அப்ப தொட்டியப் பாத்துக்க. தட்ட நான் பாத்துக்கறேன்."

அன்று மாலையே அந்த நாற்பதாயிரத்துக்கு ஆர்டர் போட்டார். சூடேற்றியோடு. இரண்டாவதை வாங்கினால் தோடு கழுவி சொல்லி வாங்கினதாக ஆகிவிடுமே. தொள்ளாயிரம் தட்டுக்கு வேகம் வேண்டாமா என்று மனைவியிடம் காரணம் சொன்னார். அவள் கேட்கவேயில்லை, இவராகத்தான் சொன்னார்.

மெஷின் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தியாளும் சகலையும் வந்துவிட்டார்கள். அவள் புதுப்புடவை கட்டியிருந்தாள். அம்மாவைப் பார்க்கப் போகிறவள் மாதிரி தலையை வாரி, பொட்டு வைத்து, ஒரு கைக்குட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

ஊசி முதலில் பின்னறையில் எல்லோருக்கும் ஒரு வேடிக்கை காட்டினார். அலுமினியத் தாள் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் ஒரு நிமிஷம் பிடித்து எடுத்தார். தாள் முழுக்கப் பொத்தல். எலி கடித்ததுபோல் ஓரம் கிழிந்து தொங்கியது.

"பாத்தியா சகல, அடி எப்படி?"

"தாளே இந்தக் கதின்னா..." என்று இழுத்து, தன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு சகலை வாயை மூடிக்கொண்டார்.

ஊசி பழுப்பு உறையிலிருந்து தட்டை எடுத்தார். நடுவிலிருந்த காகிதத்தில் தண்ணீர் படாமலிருக்க இரண்டு பக்கமும் ரப்பர் வில்லை வைத்துக் கம்பியில் கோக்கப் போனவரின் விரல், நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஓட்டையைத் தடவியது. கை நின்றது. தட்டின் கனமும் இப்போதுதான் உறைத்தது. அச்சில் அழுத்தி எடுத்த பிளாஸ்டிக் தட்டுக்கு இந்தக் கனம் வராது. ஓரத்தைப் பார்த்தார். ஒரு இடத்தில் கறுப்பு லேசாகப் பெயர்ந்து, உள்ளே வெள்ளையாக உலோகம் மின்னியது.

இது வெட்டுத் தட்டு. அலுமினியத் தகட்டில் அரக்கு மாதிரி ஒரு பூச்சு பூசி, அந்தப் பூச்சிலேயே குரலை வெட்டுவார்கள். அச்சு கிடையாது, பிரதி கிடையாது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். இந்த மாதிரித் தட்டை அவர் வைத்திருந்ததில்லையே தவிர, படித்திருக்கிறார். சூடும் அதிர்வும் இதற்கு எமன் என்பதும் அவருக்குத் தெரியும். தட்டைக் கம்பியிலிருந்து உருவத்தான் போனார். இதைச் சத்தியமாகச் சொல்லலாம். விரல் ரப்பர் வில்லையின் திருகில் இருந்தது.

அப்போது சகலை குனிந்து பார்த்துச் சொன்னார்: "அண்ணே, ஓரத்துல தகடு தெரியுது பாருங்க. இது பூச்சு மாதிரி இருக்கே. தொட்டியில வேணாம்ணே. கையால தொடச்சுடலாம்."

கொழுந்தியாள் புருஷனைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் சகலை சொன்னது சரியாக இருக்குமோ என்ற எண்ணம் ஓடுவதை ஊசி கண்டார். முகம் படிப்பதுதான் அவர் தொழில். திருகிலிருந்த விரல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி வில்லையை இறுக்கியது.

"நான் முப்பது வருஷமா தட்டு பாக்கறேன். நீ எனக்குச் சொல்லித் தர்ற. போ, போய் ஹால்ல உக்காரு. எல்லாரும் போங்க. மூச்சுக் காத்து பட்டா தூசி விழும்."

போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டார். மூன்றாவது நிமிஷத்தில்கூட நிறுத்தியிருக்கலாம். தட்டு மெதுவாகச் சுற்றியது. பூஞ்சை அழகாகக் கழன்றது. பார்த்தாயா என்று தனியாகச் சிரித்தும் கொண்டார். நான்காவது நிமிஷத்தில் ஓரத்தில் ஒரு கறுப்புச் செதில் எழுந்தது. ஈரச் சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வருவதுபோல் பூச்சு உப்பியது. அவர் சுவிட்சை அணைப்பதற்குள் முழு வளையமாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. கைவிட்டுப் பிடித்தார். விரலிடுக்கில் பொடிப்பொடியாக நொறுங்கியது. தாலாட்டு முழுவதும் ஆறு லிட்டர் தண்ணீரில் கிடந்தது. கம்பியில் ஒரு வெள்ளைத் தகடு பளபளவென்று சுற்றி நின்றது.

ஹாலிலிருந்து குரல் வந்தது. "மாமா, ஆச்சா?"

"காயணும்! ஒரு மணி நேரம் ஆகும்!" என்று கத்தினார். குரல் உடையவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வெளியே போய், "போச்சு, நான்தான் கெடுத்தேன்" என்று சொல்ல எட்டு அடி நடந்தால் போதும். அந்த எட்டு அடி நடக்க ஆள் வேறு. அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். கீழ்த்தட்டில், ஒரு கட்டோடு கட்டாக வந்த, மார்க் போடக்கூட லாயக்கில்லாத தட்டு ஒன்று இருந்தது. குழந்தைகளைத் தூங்க வைக்க என்று வெளியிட்டது. அதே பத்து அங்குலம். பேர் போடாத யாரோ ஒருத்தி, பக்கவாத்தியம் இல்லாமல், வார்த்தை இல்லாமல், முனகிக்கொண்டே போவாள். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தூக்கிப் போட்டிருந்தார்.

ரப்பர் வில்லைக்கு அடியில் காகிதம் நனையாமல் இருந்தது. கிழிந்த உறைகளை ஒட்டுவதற்கு வைத்திருக்கும் மெல்லிய கத்தியால் அதைத் தகட்டிலிருந்து பெயர்த்தார். ஓரம்கூடக் கிழியவில்லை. அத்தனை நிதானம், அத்தனை பக்குவம். அந்த நிதானத்தில் கால்வாசி கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்திருந்தால்! காகிதத்தை மற்ற தட்டின் நடுவில் ஒட்டி, விரலால் நீவி, காய வைத்தார். "பாப்பாவுக்கு அம்மா". தகட்டை அலமாரிக்குப் பின்னால் செருகினார்.

ஒரு மணி நேரம் கழித்து ஹாலில் ஊசி இறங்கியது. பொரிகிற சத்தம் கொஞ்சம். பிறகு அந்தப் பெண் முனக ஆரம்பித்தாள்.

கொழுந்தியாள் உடனே அழவில்லை. வாயைத் திறந்தபடி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். காதை அதன் துணியில் ஒட்டி வைத்துக்கொண்டாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்றரை வயதுக் குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதாள்.

ஊசி அவளைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மூச்சுக்கே அவள் புருவம் அசைந்துவிட்டது. அவள் அம்மாவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும், லேசாகக் கரகரக்கும் என்று கல்யாணமான புதிதில் அவளே சொல்லியிருக்கிறாள். இது சர்க்கரைப் பாகு மாதிரிக் குரல். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் எத்தனையோ முகங்களைப் பார்த்தவர், இந்த ஒரு முகத்தைப் பார்க்க முடியாமல் ஊசியைப் பார்த்தார்.

"அக்கா" என்றாள் தங்கை, காதை எடுக்காமலே. "அம்மா கொரல் இப்படித்தானாக்கா?"

தட்டு நாலைந்து சுற்று சுற்றியது.

"ஆமாடி" என்றாள் மனைவி. "அம்மாதான்."

சகலை இந்த அழுகைக்கு நடுவில் நிற்கத் தெரியாமல், ஏதாவது உதவி செய்யலாம் என்று பின்னறைக்குப் போயிருந்தார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். கையில் மடித்த ஈரத்துணி. ஊசியின் பக்கத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"தொட்டியக் காலி பண்ணி வச்சுட்டேன்ணே. எங்க கடையில தண்ணிய அப்படியே கொட்ட மாட்டோம். துணியில வடிகட்டிதான் கொட்டுவோம். யாரோடதாவது கல்லு விழுந்திருக்கும்ல."

துணியை ஊசியின் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். ஈரம் சட்டையைத் தாண்டி நெஞ்சில் பட்டது. சகலை அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. ஊசியும் அவரைத் தோடு கழுவி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"யாரு அவ?"

"தெரியல. பேர் போடல."

"அம்மாது?"

அவர் பின்னறைப் பக்கம் பார்த்தார். அவள் குழாயை மூடினாள். திட்டுவாள், அழுவாள், ஏதாவது ஒரு பாத்திரத்தையாவது போட்டு உடைப்பாள் என்று காத்திருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். தப்பித்தோம் என்றுதான் அந்த ஆள் நினைத்தார்.

தங்கை மறு ஞாயிறும் வந்தாள். அதற்கு மறு ஞாயிறும். தட்டை வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். அவள் வீட்டில் கருவி இல்லை என்று சாக்குச் சொன்னார். அதனால் வாரம் தவறாமல் இங்கேயே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அக்காவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வாள். "இந்த எடத்துல அம்மா மூச்சு வாங்கறாங்க பாருக்கா", "இந்த எடத்துல சிரிக்கறாங்க பாருக்கா" என்று காட்டுவாள். அக்கா ஆமாம் ஆமாம் என்பாள். போகப்போகத் தங்கை அந்த முனகலை அப்படியே பாடக் கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் பாடிக்கொண்டே வருவாளாம்.

நாலு மாசம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊசி ஹாலில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் தானாக வந்து எதிரில் உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று.

"ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட டெஸ்டுக்கு வர்றாங்களே, முன்னாடி கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் ஒரு நாள் சுத்தமா கேக்காமப் போச்சுன்னு சொல்றவங்க இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க. ஏன்? உனக்குக் காது எதாவது...?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ரெண்டு வாரமா அம்மாவ நெனச்சுப் பாக்கறேன். அடுப்பங்கரையில நிக்கறாங்க. எனக்குத் தல பின்றாங்க. எல்லாம் வருது. என்னைக் கூப்பிடறதுக்கு வாயத் தெறக்கறாங்க. இவ பாடறா."

ஊசி தட்டைக் கீழே வைத்தார்.

"கரகரன்னு இருக்கும்னு தெரியுது. சொல்லத் தெரியுது. கேக்க மாட்டேங்குது. தங்கச்சிக்குத்தான் இல்லாமப் போச்சு, என்கிட்ட இருக்குன்னு தைரியமா ஆமான்னு சொன்னேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மளிகைக் கணக்குச் சொல்வதுபோல. "ரெண்டு பேருக்கும் சேத்துக் கழுவி விட்டுட்டீங்க."

அவர் என்னென்னமோ சொல்ல வாயெடுத்தார்.

வாசல் மணி அடித்தது. தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். படியேறும்போதே அந்த முனகல் கேட்டது. அப்படியே அச்சு அசலாக, மூச்சு வாங்குகிற இடம் உட்பட.

"மாமா, இவளுக்கும் அவ பாட்டி கொரலக் கேக்கணுமாம். போடுங்க மாமா."

மனைவி எழுந்துபோய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து, தங்கைக்கும் அவள் மகளுக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். பிறகு அவரைப் பார்த்து, "போடுங்க" என்றாள்.

ஊசி தட்டை வைத்தார். கை தவறி, முதல்முறையாக அவர் வாழ்நாளில், ஊசி தட்டின் மேல் இழுபட்டு ஒரு கீறல் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் முனக ஆரம்பித்திருந்தாள்.